சைன், அட்டெஸ்ட், அப்ரூவ், சாங்ஷன்: எங்கே எதைப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பதிவாளர் அலுவலகமும் வட்டாட்சியர் அலுவலகமும் இருக்கும் தெருவில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், மனு, பிரமாணப் பத்திரம், வேலைக்கு விண்ணப்பம் என்று நாள் முழுக்க எழுத்து வேலைதான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அடிப்பதால், "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன போடணும்?" என்ற கேள்வி தினமும் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், கடையில் வாயால் சொல்வதும் அப்படித்தானே.

"அக்கா, 'புட் யுவர் சைன்'னு எழுதினா தப்பா?"

பேச்சில் யாரும் தடுக்கப் போவதில்லை. கடிதத்தில் வேண்டாம். 'சைன்' என்பதைக் கையெழுத்திடு என்ற வினையாக வைத்துக்கொள்ளுங்கள். போட்ட கையெழுத்துக்குப் பெயர் 'சிக்னேச்சர்'. பெயர்ச்சொல்லாக வரும்போது 'சைன்' என்றால் அடையாளம், அறிகுறி, சைகை, பலகை. கடைக்கு மேலே மாட்டுவது சைன் போர்டு. நாம் "கையெழுத்துப் போடு" என்று சொல்லிப் பழகியதால்தான் ஆங்கிலத்திலும் அந்த 'புட்' ஒட்டிக்கொள்கிறது. 'ப்ளீஸ் சைன் ஹியர்' போதும்.

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். 'மை சிக்னேச்சர் இஸ் பேட்'னு சொல்லலாமா?"

கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டது. அவன் சொல்ல வந்தது 'ஹேண்ட்ரைட்டிங்'. தமிழில் எழுதும் விதத்துக்கும் கையெழுத்துதான், பெயர் போடுவதற்கும் கையெழுத்துதான். ஆங்கிலத்தில் அவை இரண்டு. ஆட்சித்தமிழில் இந்தக் குழப்பம் வராமலிருக்க, பெயர் போடுவதை மட்டும் கையொப்பம் என்கிறோம்.

ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பது நேற்று வந்த வழக்கமும் இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் 'இவை இன்னார் எழுத்து' என்றுதான் வரும். அங்கே எழுத்து என்றாலே ஒப்பம்.

'ஆட்டோகிராஃப்' என்று எழுதலாமா என்று அவனே அடுத்துக் கேட்டான். அது கிரிக்கெட் வீரரிடமும் நடிகரிடமும் நோட்டை நீட்டி வாங்குவது. வங்கிப் படிவத்தில் யாரும் ஆட்டோகிராஃப் கேட்பதில்லை.

"ரைட், டிராஃப்ட், டிரா அப், ஜாட் டவுன்... எல்லாமே எழுதறதுதானே மேடம்?"

எழுதுவதுதான், ஆனால் எழுதும் நிலைமை வேறு வேறு. போன் பேசிக்கொண்டே பால் பாக்கெட் உறையில் நம்பர் குறித்தால் 'ஜாட் டவுன்'. ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினால் 'டேக் டவுன்'. ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் கொண்டுவந்தால் 'டிரான்ஸ்கிரைப்'. படிவத்தின் கட்டங்களை நிரப்பினால் 'ஃபில் இன்'. அவசரக் கிறுக்கல் 'ஸ்கிரிபிள்'. 'பென்' என்பதை வினையாக்கி 'ஹீ பென்ட் எ லெட்டர்' என்று எழுதுவது பத்திரிகைக்காரர் நடை, மனுவில் போட்டால் நாடகத்தனமாக இருக்கும்.

'டிராஃப்ட்' என்றால் இன்னும் திருத்தம் வரும் என்று அர்த்தம். திருத்தி முடித்தது 'ஃபேர் காப்பி'. பத்திரம், ஒப்பந்தம், உயில் போன்றவற்றை முறைப்படி தயாரிப்பது 'டிரா அப்'. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் டிராஃப்ட், டிரா இரண்டும் ஒரே வேர். தமிழிலும் வரை என்பதிலிருந்து வரைவு வருகிறது. டிமாண்ட் டிராஃப்டுக்கும் வரைவோலை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். செக் எழுதிக் கொடுப்பவரை ஆங்கிலத்தில் 'டிராயர்' என்பார்கள். மேசை டிராயர் என்று நினைத்து ஒருவர் மேசைக்குள் தேடியது தனிக்கதை.

"பத்திரத்தை எழுதினது ஆவண எழுத்தர். அப்ப 'எழுதிக்கொடுத்தவர்'னு என் பேரை ஏம்மா போடுறே?"

கேட்டவர் எழுபது வயதுப் பெரியவர். நல்ல கேள்வி. பத்திரத்தில் உள்ள வார்த்தைகளைக் கோத்தவர் ஆவண எழுத்தர். அதைத் தன்னுடையதாக ஏற்று, கையெழுத்திட்டு, இன்னொருவருக்கு உரிமையைக் கொடுத்தவர் நீங்கள். நம் ஊர் பத்திரத் தமிழில் எழுதுவது என்றால் கொடுப்பது. "பெரிய பொண்ணு பேருக்கு எழுதி வச்சுட்டார்" என்று சொல்லும்போது அவர் பேனா பிடித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஆங்கிலச் சொல் 'எக்ஸிக்யூட்'. எழுதிக்கொடுப்பவர் 'எக்ஸிக்யூட்டன்ட்', எழுதிப்பெறுபவர் 'கிளைமன்ட்'. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் நெடுக இந்த 'எக்ஸிக்யூட்' வரும். ஆவண எழுத்தருக்குப் பத்திரத்தின் கடைசியில் 'தயாரித்தவர்' என்று ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான். சோழ மன்னன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. சபைப் பெருமக்கள் பணிக்க இதை எழுதினேன் என்று சொல்லித்தான் எழுதிய மத்தியஸ்தன் (அந்தச் சபையின் அலுவலர்) தன் பெயரைப் போடுகிறான். பணித்தது சபை, எழுதியது அவன்.

"எக்ஸிக்யூட்னா தூக்குல போடறது இல்லையா?" என்று பெரியவரின் பேரன் இடையில் கேட்டான். அதுவும்தான். ஒரு காரியத்தைக் கடைசிவரை கொண்டுபோய் முடிப்பது என்பது மூலப்பொருள். தண்டனையையும் முடிக்கலாம், பத்திரத்தையும் முடிக்கலாம். 'த டீட் வாஸ் எக்ஸிக்யூட்டட்' என்றால் யாருக்கும் ஆபத்தில்லை.

"ஒவ்வொரு பக்கத்திலயும் இனிஷியல் பண்ணச் சொன்னாங்க. எங்கப்பா பேரு ராமசாமி, 'ரா'ன்னு எழுதிக் கொடுத்தேன். ஏன் திட்டுறாங்க?"

நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. அதனால் இந்தத் தவறு நடக்கத்தான் செய்யும். படிவத்தில் 'இனிஷியல்' வினையாக வந்தால் சுருக்கமாகக் கையெழுத்திடு என்று பொருள். ஆட்சித்தமிழில் இதற்குச் சுருக்கொப்பம் என்று அழகான சொல் இருக்கிறது. எண்ணை அடித்துத் திருத்திய இடத்தில், பக்கத்தின் ஓரத்தில், கோப்பில் பார்த்ததற்கு அடையாளமாக இதைப் போடுவார்கள். கடைசிப் பக்கத்தில் முழுக் கையொப்பம் கட்டாயம் வரும்.

"அட்டெஸ்ட், சர்டிஃபை, நோட்டரைஸ் மூணும் ஒண்ணா? ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொண்ணு கேக்கிறாங்க."

ஒன்றில்லை. 'அட்டெஸ்ட்' என்ற சொல்லுக்குள் இருப்பது சாட்சி. லத்தீனில் 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி. உயிலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுதான் அசல் அட்டெஸ்டேஷன். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சாதாரண உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்னார் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் அவர்கள் சாட்சி. "விவரம் தெரியாம எப்படிப் போடறது" என்று தயங்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

மதிப்பெண் சான்றிதழின் நகலில் வாங்கும் சான்றொப்பமும் இதே குடும்பம். அசலைப் பார்த்தேன், நகல் அதன்படி இருக்கிறது என்பதற்கு ஓர் அதிகாரி சாட்சி. 2014 வாக்கில் மத்திய அரசு சுயசான்றொப்பம் போதும் என்று பல இடங்களில் தளர்த்திய பிறகு, 'செல்ஃப் அட்டெஸ்டட்' என்று எழுதி நீங்களே கையெழுத்திடலாம். எனக்கு நானே சாட்சியா என்று சிரிப்பு வரும். ஆனால் நகல் போலி என்று தெரிந்தால் மாட்டுவது நீங்கள் மட்டும்தான்.

'சர்டிஃபை' என்பது உள்ளடக்கத்துக்கே பொறுப்பேற்பது. இவர் இந்த ஊரில் வசிக்கிறார், இவ்வளவு வருமானம் என்று அதிகாரி சொன்னால் அது சர்டிஃபை. 'நோட்டரைஸ்' என்றால் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்பட்ட நோட்டரி செய்வது மட்டும். நோட்டரி முத்திரை விழுந்தால் பிரமாணப் பத்திரத்தில் இருப்பது எல்லாம் உண்மை என்று ஆகிவிடாது. உண்மை என்று சத்தியம் செய்தவர் நீங்கள், செய்ததைப் பதிந்தவர் அவர்.

"கவுன்டர்சைன், எண்டார்ஸ் இதெல்லாம்?"

'கவுன்டர்சைன்' மேலொப்பம். ஒருவர் போட்ட கையெழுத்தை உறுதிசெய்ய இன்னொருவர் போடுவது. 'எண்டார்ஸ்' என்ற சொல்லில் முதுகு இருக்கிறது. லத்தீனில் 'டார்சம்' என்றால் முதுகு. காசோலையின் பின்பக்கம் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் முதலில் எண்டார்ஸ். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இது 'இண்டார்ஸ்' என்றே இருக்கும், அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து ஒரு கருத்தை ஆதரிப்பது, நடிகர் சோப்புக்கு விளம்பரம் செய்வது வரைக்கும் போய்விட்டது.

முதுகு போல அடிப்பக்கமும் உண்டு. 'சப்ஸ்கிரைப்' என்றால் கீழே எழுதுதல். கம்பெனி ஆரம்பிப்பவர்கள் 'மெமோரண்டம்' என்ற அடிப்படை ஆவணத்தின் கீழே கையெழுத்திடுவதால் சட்டம் இன்றும் அவர்களை 'சப்ஸ்கிரைபர்' என்கிறது. யூடியூபில் சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்துபவரும் அதே பெயரில் வருகிறார். இன்சூரன்ஸில் 'அண்டர்ரைட்டர்' வந்ததும் இதே வழிதான். லண்டனில் லாயிட் என்பவரின் காபிக் கடையை மையமாக வைத்து வளர்ந்த கப்பல் காப்பீட்டு வியாபாரத்தில், பொறுப்பேற்றவர்கள் தாளின் கீழே பெயர் எழுதினார்கள்.

"எங்கம்மா கைநாட்டு. அதை சிக்னேச்சர்னு சொன்னா செல்லுமா அக்கா?"

செல்லும். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பெயர் எழுத இயலாதவர் இடும் குறியும் 'சைன்' என்பதில் அடங்கும் என்று சொல்கிறது. தாளில் 'லெஃப்ட் தம்ப் இம்ப்ரஷன்' என்று எழுதி, யாருடைய ரேகை என்று பக்கத்திலேயே பெயர் குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம் என்றால், படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

தற்குறி என்று திட்டுகிறோமே, அந்தச் சொல்லின் முதல் பொருள் எழுதத் தெரியாதவர் தன் கையால் இடும் குறி. குறியைச் சொன்ன சொல் ஆளையே சொல்லத் தொடங்கி, பிறகு வசவாகிவிட்டது. என் மேசையில் மைப்பெட்டி எப்போதும் இருக்கும். ரேகை வைத்துவிட்டு நிறையப் பாட்டிமார்கள் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள், எண்ணெய்ப் பசையில் சீக்கிரம் போய்விடும். மேசைக்கு அடியில் துணி வைத்திருக்கிறேன் என்று சொல்வதற்குள் கை தலைக்குப் போயிருக்கும்.

"ஆர்டர் காப்பியில கையெழுத்தே இல்ல. 'எஸ்டி'ன்னு போட்டு ஒரு கோடு போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?"

இல்லை. அது 'சைன்ட்' என்பதன் சுருக்கம். அசலில் அதிகாரி கையெழுத்திட்டுவிட்டார், இது அதன் நகல் என்று அர்த்தம். தமிழ் ஆணைகளில் இதே இடத்தில் 'ஒம்' என்று போட்டு ஒரு கோடு இருக்கும், ஒப்பம் என்பதன் சுருக்கம். அதற்குக் கீழே உண்மை நகல் என்றோ ஆணைப்படி அனுப்பப்படுகிறது என்றோ எழுதி, கண்காணிப்பாளர் பேனாவால் கையெழுத்திட்டிருப்பார். அந்தப் பேனா மை இருக்கிறதா என்று பாருங்கள்.

"அப்ரூவ், சாங்ஷன், பெர்மிட், ஆதரைஸ்... லீவ் லெட்டர்ல எதைப் போடணும்?"

லீவுக்கு 'சாங்ஷன்' அல்லது 'கிராண்ட்'. ஒரு தம்பி தன் மேலாளருக்கு 'ஐ அப்ரூவ் டூ டேஸ் லீவ்' என்று எழுதிக்கொண்டு வந்தான். கேட்கிற ஆளே கொடுத்துக்கொள்வது போல ஆகிவிட்டது. 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு சாங்ஷன் டூ டேஸ் லீவ்' என்று மாற்றிக் கொடுத்தேன்.

'அப்ரூவ்' என்றால் பார்த்தேன், சரி என்கிறேன். வரைபடம், வரைவு, திட்டம் எல்லாம் அப்ரூவ் ஆகும். 'சாங்ஷன்' என்றால் அதிகாரம் உள்ளவர் முறையாக வழங்குவது: பணம், பணியிடம், கடன், விடுப்பு. 'பெர்மிட்' செய்துகொள் என்று விடுவது. 'ஆதரைஸ்' தன் அதிகாரத்தில் ஒரு பங்கை இன்னொருவர் கையில் கொடுப்பது, 'ஆதரைஸ்டு சிக்னேட்டரி' என்று முத்திரையில் வருவது இதனால்தான். இதில் 'சாங்ஷன்' இரட்டை முகம் உள்ள சொல். லோன் சாங்ஷன் என்றால் இனிப்பு வாங்கலாம். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் என்று செய்தியில் வந்தால் அது தடை.

இன்னொரு பொடிச் சமாசாரம். 'அப்ரூவ்' பின்னால் 'ஆஃப்' சேர்ந்தால் பொருள் மாறும். 'மை ஃபாதர் டஸ் நாட் அப்ரூவ் ஆஃப் திஸ் மேரேஜ்' என்றால் அப்பாவுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. கோப்பு எதுவும் அங்கே நிலுவையில் இல்லை.

"பேப்பர்ல கவர்னர் ஒப்புதல், ஆஸ்பத்திரியில ஒப்புதல், பட்ஜெட்டுக்கு ஒப்புதல்னு எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்லயும் ஒண்ணுதானா?"

மூன்றும் வேறு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் தருவது 'அசென்ட்', அரசியலமைப்பின் 200ஆவது பிரிவில் வரும் சொல். அறுவைச் சிகிச்சைக்கு முன் நீங்கள் கையெழுத்திடுவது 'கன்சென்ட்'. பட்ஜெட்டுக்கு 'அப்ரூவல்' போதும்.

இதில் 'கன்சென்ட்' கனமான சொல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதை விளக்கும்போது, ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்பது என்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினால் அது சுதந்திரமான கன்சென்ட் இல்லை. ஆக, கையெழுத்து இருந்தும் கன்சென்ட் இல்லாமல் போகலாம். ஒரு துறை இன்னொரு துறையிடம் வாங்குவது 'கன்கரன்ஸ்'. அரசாணைகளின் கடைசியில் நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது என்று வருமே, அந்த இசைவு. என்னைக் கேட்டால் கன்சென்டுக்கும் கன்கரன்ஸுக்கும் இசைவு என்றும், மேலிருந்து வருவதற்கு ஒப்புதல் என்றும் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"அவசரத்துக்கு வாங்கிட்டோம், பர்மிஷன் அப்புறம்தான் கேட்டோம். அதுக்கு என்ன சொல்?"

'ராட்டிஃபை'. செய்து முடித்ததைப் பின்னால் ஏற்றுக்கொள்வது. அலுவலகத் தமிழில் பின்னேற்பு. முன்தேதி போட்டு 'அப்ரூவ்ட்' என்று எழுதி வாங்குவதைவிட நேர்மையான வழி இதுதான். ஒப்பந்தச் சட்டத்திலும் இடம் உண்டு: அதிகாரம் இல்லாமல் உங்களுக்காக ஒருவர் செய்ததை நீங்கள் ராட்டிஃபை செய்யலாம்.

நாடுகளுக்கும் இதே சொல், ஆனால் வேறு பொருளில். உடன்படிக்கையில் கையெழுத்திடுவது ஒரு படி, அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று முறைப்படி உறுதிசெய்வது அடுத்த படி. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 2007 மார்ச்சில் கையெழுத்திட்டு, அதே ஆண்டு அக்டோபரில் ராட்டிஃபை செய்தது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டது, இன்னும் ராட்டிஃபை செய்யவில்லை. இலங்கைச் செய்திகளில் கைச்சாத்திடப்பட்டது என்று படித்திருப்பீர்கள், அது முதல் படி மட்டும்.

"மனு கொடுத்தேன். சீல் குத்தி கையெழுத்தும் போட்டுட்டாங்க. அப்ப அப்ரூவ் ஆயிடுச்சுதானே?"

இதைக் கேட்கும் முகங்களைப் பார்த்தால் இல்லை என்று சொல்லவே கஷ்டமாக இருக்கும். அன்று நீங்கள் வாங்கியது 'அக்னாலெட்ஜ்மென்ட்', தமிழில் ஒப்புகை. மனு எங்கள் கைக்கு வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு அம்மா ஒப்புகைச் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். பட்டா வந்துவிட்டது என்றே நம்பி, சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டார்.

மனுவின் ஓரத்தில் எழுதும் சொற்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 'சீன்' என்றால் பார்த்தாயிற்று. 'நோட்டட்' என்றால் குறித்துக்கொண்டாயிற்று. 'ஃபார்வர்டட்' என்றால் மேலே அனுப்பியாயிற்று, அனுப்பியவருக்குக் கருத்து இல்லை. 'ரெகமண்டட் அண்ட் ஃபார்வர்டட்' என்றால் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்து அனுப்பியிருக்கிறார். 'நோ அப்ஜெக்‌ஷன்' என்றால் எங்களுக்குத் தடையில்லை, ஆனால் கொடுப்பது எங்கள் வேலையும் இல்லை. இத்தனைக்கும் கீழே கையெழுத்து இருக்கும். முன்பு சொன்ன அப்ரூவ், சாங்ஷன் இரண்டும் வரும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள்.

"'கிரீன் சிக்னல் கிடைச்சாச்சு'ன்னு லெட்டர்ல எழுதலாமா?"

வேண்டாம். பச்சைக்கொடி பேச்சுக்கு நன்றாக இருக்கும். கடிதத்தில் 'அப்ரூவல் ரிசீவ்ட்' என்று எழுதித் தேதியைப் போடுங்கள். 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பதை அலுவலகக் கடிதத்தில் வினையாகவே எழுதாதீர்கள், படிக்காமல் தலையாட்டினார் என்று திட்டுவது போல ஆகும்.

"ஓடிபி போட்டா அதுவும் கையெழுத்தாமே?"

ஆதார் வழி இ-சைனில் ஓடிபி உங்களை அடையாளம் காட்டுகிறது, அதன்மேல் கையொப்பம் உருவாகிறது. 'எலெக்ட்ரானிக் சிக்னேச்சர்' பெரிய குடை. அதற்குள் ஒரு வகை 'டிஜிட்டல் சிக்னேச்சர்', இரண்டு சாவிகளை வைத்து மறையாக்கம் செய்வது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது டிஜிட்டல் மட்டும்தான் இருந்தது, 2008 திருத்தத்தில்தான் எலெக்ட்ரானிக் சேர்ந்தது. கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டுவது டிஜிட்டல் சிக்னேச்சர் ஆகாது. உயிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதற்குப் பேனாவும் முன்பு சொன்ன இரண்டு சாட்சிகளும்தான்.

'சைன் அப்' கணக்குத் தொடங்குவது, 'சைன் இன்' உள்ளே போவது, 'சைன் ஆஃப்' கடிதத்தை முடிப்பது. 'சைன் ஆஃப் ஆன்' என்றால் மறுபடி அப்ரூவ்.

"அப்ப கடைசியில 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யா, 'சின்சியர்லி'யா?"

'டியர் சார்' என்று தொடங்கினால் ஃபெய்த்ஃபுல்லி. பெயர் சொல்லித் தொடங்கினால் சின்சியர்லி. 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' இப்போது பள்ளிக்கூட லீவ் லெட்டரோடு சரி. தமிழில் இப்படிக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

அப்புறம், பெயரை இப்படிக்கு என்பதற்கு நேர் கீழே ஒட்டி அடித்துவிடாதீர்கள். நடுவில் நான்கு வரி இடம் விடுங்கள், கையெழுத்து அங்கேதான் வர வேண்டும்.